ரியல்*8: பிறந்த ஊர் தேடி

ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் ‘பெடான்டிக்’ ஆப்ஷனைப் போட்டுப் பழைய ஃபோர்ட்ரான் நிரலைக் கம்பைல் செய்தால் எச்சரிக்கைகள் கொட்டும். ரியல்*8 (எட்டு பைட் மெய்யெண்) என்ற அறிவிப்பு ஃபோர்ட்ரான் தரத்தில் இல்லாதது, அது ‘க்னூ எக்ஸ்டென்ஷன்’ என்று சொல்லும். எனக்கு உறுத்தியது அந்த ‘க்னூ’தான். ஜிஃபோர்ட்ரான், க்னூ கம்பைலர் தொகுப்பான ஜிசிசி 4.0-உடன் வெளிவந்தது 2005-ல். ரியல்*8-ஓ எழுபதுகளின் நிரல்களிலேயே சர்வசாதாரணம். பிள்ளைக்குப் பின்னால் பிறந்தவர் எப்படித் தகப்பன் ஆவார்?

முதலில் கம்பைலரின் கையேட்டைப் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன்கள் பகுதியில் இதற்குச் சில வரிகள் இருக்கின்றன. வகையின் பெயர், நட்சத்திரக் குறி, பைட் எண்ணிக்கை என்று எழுத வேண்டும்; காம்ப்ளெக்ஸ் என்றால் மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி இரண்டுக்கும் சேர்த்து மொத்த பைட். எப்படி எழுதுவது என்பதோடு சரி. யார் கொண்டுவந்தது, எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. மூல நிரலில் அறிவிப்புகளைப் படிக்கும் கோப்பைத் திறந்தால் அந்த விதி அப்படியே கிடக்கிறது: காம்ப்ளெக்ஸ் வந்தால் எண்ணை இரண்டால் வகு, ஒற்றைப்படை என்றால் பிழை காட்டு. ஆக, காம்ப்ளெக்ஸ்*16 உள்ளே போனதும் காம்ப்ளெக்ஸ்(8) ஆகிவிடுகிறது.

அடுத்து டெக் நிறுவனத்தின் வாக்ஸ் ஃபோர்ட்ரான் கையேடுகள். தரத்தை மீறிய அம்சங்களையெல்லாம் அவர்கள் நீல மையில் அச்சிட்டார்கள். பக்கத்தைப் புரட்டும்போதே எது பொது, எது சொந்தச் சரக்கு என்று தெரிந்துவிடும். (கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் போச்சு.) ஆனால் ரியல்*8-ஐ டெக்கும் வேறிடத்திலிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

தடம் போய் நிற்பது ஐபிஎம் சிஸ்டம்/360-ல். 1964-ல் அறிவிக்கப்பட்ட இயந்திரம். அதற்கு முந்தைய ஐபிஎம் 7090-ல் ஒரு சொல்லுக்கு 36 பிட். போட்டியாளரான சிடிசி 6600-ல் 60 பிட். மெய்யெண்ணை பைட் கணக்கில் அளப்பதற்கு அங்கே இடமே இல்லை. 360-தான் எட்டு பிட் பைட்டையும் நான்கு பைட் சொல்லையும் அடித்தளமாக வைத்தது. அதன் ஃபோர்ட்ரான் IV கையேட்டில் ஒவ்வொரு வகைக்கும் வழக்கமான நீளம், விரும்பினால் வேறொரு நீளம்: இன்டிஜர் 4 அல்லது 2, ரியல் 4 அல்லது 8, காம்ப்ளெக்ஸ் 8 அல்லது 16, லாஜிக்கல் 4 அல்லது 1. நட்சத்திரக் குறியின் ஊர் இதுதான்.

அது ஏன் இப்படிப் பரவியது? 7090-ன் மெய்யெண்ணில் பின்னப் பகுதிக்கு 27 பிட் இருந்தது. 360-ல் அது 24. அதுவும் பதினாறடிமானக் கணக்கு என்பதால் முன்னால் மூன்று பிட் வரை வீணாகலாம். புது இயந்திரத்துக்கு மாறியவர்களின் விடைகள் துல்லியம் இழந்தன. அவர்களுக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு வரி: இம்ப்ளிசிட் ரியல்*8 (ஏ-எச், ஓ-இசட்). நிரலின் தலையில் இதைப் போட்டால், தனியாக அறிவிக்காத மெய்யெண் எல்லாம் இரட்டைத் துல்லியத்துக்குப் போய்விடும். அறிவியல் நிரல்களில் இந்த வரி இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஃபோர்ட்ரான் 77 தரம் இம்ப்ளிசிட்டைச் சேர்த்துக்கொண்டது. நட்சத்திரத்தையும் எழுத்துச் சரங்களின் நீளத்துக்கு ஏற்றுக்கொண்டது. ரியல்*8-ஐ மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. பைட்டே இல்லாத இயந்திரங்களை வைத்திருந்தவர்களை நினைத்தால் அது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இரட்டைத் துல்லியக் காம்ப்ளெக்ஸுக்கு அந்தத் தரம் வழியே வைக்கவில்லை, அது நியாயமில்லை. விளைவை பிளாஸ் நூலகத்தில் பார்க்கலாம். அணிப் பெருக்கத்துக்கான டிஜெம், தரம் சொல்லும் டபுள் ப்ரிசிஷனில் எழுதப்பட்டது. அதன் காம்ப்ளெக்ஸ் இணையான இசட்ஜெம்மில் காம்ப்ளெக்ஸ்*16 நிற்கிறது.

ஃபோர்ட்ரான் 90 கைண்ட் முறையைக் கொண்டுவந்த பிறகு பலர் ரியல்(8) என்று எழுதத் தொடங்கினார்கள். இலக்கணம் சரி. ஆனால் அந்த 8 எதைக் குறிக்கும் என்பது கம்பைலரின் விருப்பம். நாக் கம்பைலரில் இரட்டைத் துல்லியத்தின் கைண்ட் எண் வழக்கமாக 2. ரியல்(8)-ஐ அது ஏற்காது, ரியல்*8-ஐ ஏற்கும்!

சரி, ‘க்னூ’ என்ற முத்திரை எதற்கு? அதே ஜிஃபோர்ட்ரான், ஹாலரித் மாறிலிகள் என்ற பழைய எழுத்து மாறிலிகளை ‘லெகசி எக்ஸ்டென்ஷன்’ என்கிறது. நட்சத்திரமும் அந்தப் பட்டியலில்தானே இருக்க வேண்டும் என்று ஜிஃபோர்ட்ரானின் மூல நிரலை மேலும் படித்தேன். லெகசி வகைக்கு, எந்த ஆப்ஷனும் கொடுக்காவிட்டாலும் எச்சரிக்கை வரும். க்னூ வகைக்குப் பெடான்டிக் போட்டால்தான் வரும். நட்சத்திரத்தை லெகசிக்கு மாற்றினால், லாபேக் நூலகத்தைக் கம்பைல் செய்கிற ஒவ்வொருவரின் திரையும் காம்ப்ளெக்ஸ்*16 எச்சரிக்கைகளால் நிரம்பும். ஆகவே முத்திரையைத் தொட வேண்டாம். ஜிஃபோர்ட்ரான் கையேட்டில் 360-ன் பெயரையும் பைட் கணக்கு வந்த காரணத்தையும் இரண்டு வரி சேர்த்து, புதிதாக எழுதுகிறவர்கள் ஃபோர்ட்ரான் 2008 தந்த ரியல்64-ஐப் பயன்படுத்தலாம் என்று சொன்னால் போதும்.