இரண்டு ஊர்களும் ஒரு வினைச்சொல்லும்

தென்காசியிலிருந்து வடக்கு நோக்கி வருவோர்க்கு இடக்கைப்புறம் மலைத்தொடர் துணையாக வருகிறது. முதலில் ராஜபாளையம், அப்பால் சுமார் 7 மைலில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்குள்ள பஞ்சாலைகளையும் இங்குள்ள 11 நிலைக் கோபுரத்தையும் நேயர்கள் அறிவார்கள். இவ்விரண்டு ஊர்களிலும் நம் கருத்தைக் கவர்ந்தது 'ஆளுதல்' என்னும் சொல்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் நாயகி ஆண்டாள். இப்பெயரில் 'ஆள்' என்பது பகுதி. இறந்த காலத்தில் அது 'ஆண்ட' என்றாகிறது. ஈற்றிலுள்ள 'ஆள்' பெண்பால் விகுதி. ஆட்சி செய்தவள் என்பது பொருள். முடியும் படையும் இல்லாத ஒரு பெண்ணுக்கு இப்பெயர் எவ்வாறு பொருந்திற்று?

ராஜபாளையத்து ராஜுக்களின் வீட்டுமொழி தெலுங்கு. தெலுங்கில் ஆளுதலை 'ஏலு' என்பர். 'ஆள்' எங்கே, 'ஏலு' எங்கே என்று மலைக்க வேண்டுவதில்லை. பழந்தமிழின் 'யாறு' இன்று நமக்கு ஆறு; தெலுங்கருக்கு 'ஏரு'. 'யானை' நம் பேச்சில் ஆனை, அவர்களுக்கு 'ஏனுகு'. இத்தகைய சொற்களில் நம் 'ஆ'வுக்கு அவர்கள் 'ஏ' நிற்கும். தென்மொழிகள் ஒரே குடும்பத்தவை என்பதை 1816-ல் எல்லிஸ் துரை எடுத்துக்காட்டினார். 1856-ல் கால்டுவெல் விரித்தெழுதினார்.

ஊர்ப் பெயரிலுள்ள 'ராஜா' வேறு குடும்பம், வடமொழிச் சொல். அதன் உறவினர் ஐரோப்பாவில் இருக்கின்றனர். லத்தீன் மொழியின் 'ரெகெரே', அதன் வழிவந்த இத்தாலிய வினையான 'ரெஜ்ஜெரே' ஆகியவையும் 'ராஜா'வும் ஒரே வேரில் பிறந்தவை என்பது மொழிநூலார் கொள்கை. 'ரெஜ்ஜெரே' என்றால் ஆளுதல். தூண் கூரையைத் தாங்குவதற்கும் அதே சொல்தான். தெலுங்கில் 'ஏலுகோ' என்றால் காத்தருள் என்று பொருள். நாமும் 'ஆண்டருள்வாய்' என்று அக்கருத்திலேயே வேண்டுகிறோம்.

ஆகவே குடும்பம் இரண்டாயினும் கருத்து ஒன்றே: ஆளுகிறவர் தாங்க வேண்டும். ராஜபாளையத்து ஸ்ரீ பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னையின் முதன் மந்திரியாக இருந்தவர். தம் சொந்த வீட்டையே கலைப் பணிக்கென்று கொடுத்துவிட்டார். அதுவே காந்தி கலை மன்றம். மாலை சூடிக் கொடுத்து ஆண்டவள் ஓர் ஊரில். ஆண்டும் கொடுத்தவர் மற்றோர் ஊரில். வாக்குக் கேட்டு வருகிறவர்கள் இவ்வூர்களில் ஒரு நாள் தங்கி, இச்சொல்லுக்குப் பொருள் கற்றுச் செல்வது நலம்.