கைகுலுக்கும் படம்

அந்த ஆல்பத்தின் அட்டையை நான் முதலில் பார்க்கவே இல்லை. 2008-இல் ஹாஸ்டல் ரூம்மேட்டின் பென்டிரைவிலிருந்து என் லேப்டாப்புக்கு வந்து சேர்ந்த பன்னிரண்டு எம்பி3 கோப்புகள், அவ்வளவுதான். கேங் ஆஃப் ஃபோர், 'என்டர்டெய்ன்மென்ட்!'. ஆச்சரியக்குறியெல்லாம் போட்டு 'பொழுதுபோக்கு' என்று பேர் வைத்திருக்கிறார்களே, ஏதோ பார்ட்டி பாட்டாக இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

முதல் பாட்டிலேயே ஏதோ கெட்டுப்போன மாதிரி இருந்தது. கிட்டார் வாசிப்பதாகவே தெரியவில்லை, தகரத்தை வெட்டுகிற சத்தம்தான் வந்தது. அதுவும் நடுநடுவே நின்றுபோனது. ஹெட்போன் வயர் லூஸாகிவிட்டது என்று இரண்டு தடவை பிடுங்கிச் சொருகினேன். ரூம்மேட் சிரித்தான். அவன் கோவில் திருவிழாக்களில் உறுமி மேளம் அடிக்கிறவன். தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே வகுப்புக்கு மட்டம் போட்டுவிடுவான். "வயர் இல்லடா மச்சான். அவன் வேணும்னேதான் விடுறான். அடிக்காத இடத்த கேளு" என்றான். இந்த ஆல்பத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எதுவும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை.

ஆண்டி கில் என்ற அந்த கிட்டார்காரர் சோலோ வாசிக்க மாட்டார். சோலோ வரவேண்டிய இடத்தில் கிட்டாரை நிறுத்திவிடுவார். அந்தக் காலியிடத்தில் டேவ் ஆலனின் பேஸும் ஹியூகோ பர்னமின் டிரம்ஸும் மட்டும் நடக்கும். ராக் கிட்டார்காரர்கள் உயிராக நினைக்கிற வால்வு ஆம்ப்ளிஃபயரின் கதகதப்பு அவருக்குப் பிடிக்காது. டிரான்சிஸ்டர் ஆம்பின் வறண்ட, சில்லிட்ட சத்தம்தான் வேண்டும். ஃபங்க், ரெகே, டப் எல்லாம் கேட்டு வளர்ந்த காதுகள். ஆனால் அந்த இசைகளின் சதையை எடுத்துவிட்டு எலும்பை மட்டும் வைத்துக்கொண்ட மாதிரி. ஆட வைக்கும். ஆடிக்கொண்டிருக்கும்போதே காலை வாரிவிடும்.

நான்கு பேரும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் சேர்ந்தவர்கள். பாடகர் ஜான் கிங்கும் கில்லும் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓவியக்கலை படித்தவர்கள். டி.ஜே. கிளார்க் மாதிரியான மார்க்சியக் கலை வரலாற்றாசிரியர்கள் பாடம் நடத்திய துறை அது. வெளியே நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவாதக் கட்சி தெருவில் ஆள் திரட்டிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிஸம்' இயக்கம். இவர்கள் அதன் மேடைகளில் வாசித்தார்கள். பேர், மாவோ இறந்த பிறகு 1976-இல் கைதான சீனாவின் 'நால்வர் கும்ப'லிடமிருந்து எடுத்தது. ஆல்பம் வந்தது 1979 செப்டம்பரில். மார்கரெட் தாட்சர் பிரதமராகி நான்கு மாதம் ஆகியிருந்தது.

நான் வயர் லூஸ் என்று நினைத்த அந்த முதல் பாட்டின் பேர் 'ஈத்தர்'. இரண்டு குரல்கள். ஒன்று வீட்டையும் ஓய்வையும் நுகர்வையும் பற்றிப் பேசுகிறது. அதற்குள் குறுக்கே விழுந்து இன்னொரு குரல் வட அயர்லாந்தின் லாங் கெஷ் சிறையைச் சொல்கிறது. 1971-இல் பிரிட்டிஷ் இராணுவம் அங்கே விசாரணையில்லாமல் ஆட்களை அடைத்தது. அவர்களில் சிலரைத் தலையில் பை மாட்டி, சுவரில் சாய்த்து மணிக்கணக்கில் நிற்கவைத்து, இரைச்சலைக் காதில் விட்டு, தூக்கமும் சோறும் இல்லாமல் விசாரித்தது. பாட்டு கடைசியில் அட்லாண்டிக்கில் தனியாக நிற்கும் ராக்கால் என்ற பாறைக்குப் போய், அதற்கடியில் எண்ணெய் இருக்கலாமே என்று முடிகிறது. ஒரு குரலுக்கு இன்னொரு குரல் கேட்பதே இல்லை. அதுதான் பாட்டு.

இதை நான் இணையத்தில் தேடிப் படித்தது 2008-இன் தொடக்கத்தில். அப்போது ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேர் விசாரணையில்லாமல் கமுந்திங்கில் இருந்தார்கள். நவம்பர் 25 பேரணி முடிந்து சில வாரங்களில், டிசம்பரில், இசா சட்டத்தில் பிடித்துப் போட்டது. ஹாஸ்டலில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். ஸ்காலர்ஷிப் போய்விடும் என்ற பயம். பேசினாலும் கதவைச் சாத்திவிட்டு, ஃபேனை வேகமாக வைத்துவிட்டு. அந்த அறையில் 'ஈத்தர்' ஓடும்போது எனக்கு லாங் கெஷ் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்க்கத் தோன்றவில்லை.

சும்மா ஒப்பிடுகிறேன் என்று நினைக்கவேண்டாம். ஃபிராங்க் கிட்சன் என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்குவதில் இருந்தவர், பிறகு மலாயாவில் அவசரகாலத்தில் பணியாற்றியவர். 1970-இல் பிரிகேடியராகப் பெல்ஃபாஸ்ட்டுக்குப் போனார். ஆட்களும் பாடங்களும் காலனிக்குக் காலனி மாறிப் போய்க்கொண்டே இருந்தன. 1948-இல் மலாயாவில் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகால விதிகளின் வாரிசுதான் 1960-இன் இசா. அது ரத்தாக 2012 ஆனது. லீட்ஸில் நான்கு பேர் கத்தியது எங்கள் ஹாஸ்டல் கதவுக்குள் ஏன் கேட்டது என்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாப் பாட்டும் இப்படிச் சிறை, துப்பாக்கி என்று இருக்காது. 'டேமேஜ்ட் குட்ஸ்' ஒரு காதல் முறிவுப் பாட்டு. கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கிற பாஷையில் எழுதியது. 'ஆந்த்ராக்ஸ்' இன்னும் விசேஷம். நீளமான கிட்டார் ஊளைக்குப் பிறகு ஒரு பக்கம் கிங் காதலை ஒரு நோயாகப் பாடிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் கில் கட்டுரை வாசிக்கிற குரலில், எல்லாப் பாட்டுக்காரர்களும் ஏன் காதலைப் பற்றியே பாடுகிறார்கள் என்று யோசிக்கிறார். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது. நான் இடது காது, வலது காது என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். அப்போது ஒரு பெண்ணுக்கு நான் அனுப்பிய குறுஞ்செய்திகளெல்லாம் சினிமாப் பாட்டு வரிகளாகவே இருந்ததைக் கவனித்தேன். (அவளும் கவனித்திருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது.)

இந்த ஆல்பம் இல்லாமல் பின்னால் வந்த பல பேர் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் 1984-இல் தங்கள் முதல் ஆல்பத்தைத் தயாரிக்க ஆண்டி கில்லையே கூப்பிட்டார்கள். கர்ட் கோபெய்ன் தனக்குப் பிடித்த ஆல்பங்களைக் கையால் எழுதி வைத்த பட்டியலில் இது இருக்கிறது. 2000-களில் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட், பிளாக் பார்ட்டி. 2020 பிப்ரவரியில் கில் இறந்தார். அதே ஆண்டு ஜூனில் வந்த ரன் தி ஜூவல்ஸின் நான்காவது ஆல்பத்தில் 'ஈத்தர்' கிட்டார் திரும்பவும் வெட்டியது.

எனக்கு இந்தப் பட்டியலைவிட வேறு இரண்டு சம்பவங்கள்தான் உறுத்துகின்றன. 1979-இல் பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சிக்கு இவர்களைக் கூப்பிட்டார்கள். பாட்டில் ஆணுறையைக் குறிக்கிற ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னார்கள். ஒரு மாற்றுச் சொல்லுக்குச் சம்மதித்தார்கள். பிபிசி தான் சொல்கிற சொல்தான் வேண்டும் என்றது. நால்வரும் கிளம்பி வந்துவிட்டார்கள். நாடே பார்க்கிற நிகழ்ச்சி, ஒரு சொல்லுக்காகப் போனது. ஆனால் 2010-இல், ஓய்வுநேரமே சரக்காகிப் போனதைப் பற்றிய அவர்களுடைய 'நேச்சுரல்ஸ் நாட் இன் இட்', மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் விளையாட்டுக் கருவி விளம்பரத்தில் ஒலித்தது. ஹாலில் நின்று குதித்து விளையாடும் சந்தோஷமான குடும்பங்கள். அதே பாட்டை 2006-இல் சோஃபியா கொப்பொலா 'மரீ ஆன்டோனெட்' படத்தின் தொடக்கத்தில் வைத்தார். ராணி சாய்ந்தபடி கேக்கில் விரல்விட்டு நக்கிவிட்டு நம்மைத் திரும்பிப் பார்ப்பாள். அங்கே பாட்டு வேலை செய்தது. விளம்பரத்தில் பாட்டு வேலைக்காரனாகிவிட்டது. விளம்பரத்தைப் பார்த்தபோது கோபம் வந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் காலால் தாளம் போட்டேன்.

இப்போது அட்டை. இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் அதைப் பெரிதாகப் பார்த்தேன். சிவப்புப் பின்னணி. மூன்று சிறிய படங்கள், மூன்றும் ஒன்றே: ஒரு செவ்விந்தியரும் ஒரு கௌபாயும் கைகுலுக்குகிறார்கள். வின்னட்டூ என்ற பழைய ஜெர்மன் கௌபாய் படங்களிலிருந்து எடுத்த காட்சி. முகங்கள் அழிந்து சிவப்பும் வெள்ளையுமான திட்டுகளாக இருக்கும். சுற்றி ஓடும் எழுத்தின் சாரம் இதுதான்: இந்தியன் சிரிக்கிறான், கௌபாய் தன் நண்பன் என்று நம்புகிறான், கௌபாயும் சிரிக்கிறான், இவன் ஏமாந்தான், இனிமேல் சுரண்டலாம் என்று.

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு படம் இருக்கிறது. தாத்தா தோட்ட மானேஜரோடு கைகுலுக்குகிற படம். முப்பது வருஷம் பால் வெட்டியதற்குச் சுவர்க்கடிகாரம் ஒன்று பரிசு. தாத்தா சிரிக்கிறார், மானேஜரும் சிரிக்கிறார். இரண்டு மூன்று வருஷத்தில் தோட்டத்தை விற்றார்கள். இன்று அங்கே இரண்டு மாடி டெரஸ் வீடுகள். அட்டையைப் பார்த்த அன்று ராத்திரி அந்தப் படத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று வாக்கியத்தில் என் தாத்தாவின் வாழ்க்கையை எழுதி முடித்துவிட்டார்கள் என்று தோன்றியது. கொஞ்ச நாள் அந்தக் கதையை நண்பர்களிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். நல்ல கதை, எல்லாருக்கும் பிடித்தது.

போன தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது அம்மாவிடமே சொல்லிவிட்டேன். "தாத்தா பாவம்மா, எப்படிச் சிரிக்கிறாரு பாருங்க, அவனுங்கள நம்பி."

அம்மா துணியை உதறினார். "யாரு சிரிச்சா? வெயிலுடா அது. படம் புடிக்கிறவன் சூரியனுக்கு நேரா நிக்க வெச்சிட்டான், கண்ணக் கூசுது. அந்தத் துரையப் பத்தி உங்க தாத்தாவுக்குத் தெரியாததா? சங்கத்துக் கூட்டத்துல எத்தன வாட்டி அவன்கூட மல்லுக்கட்டியிருக்காரு."

"அந்தக் கடிகாரம் எங்க இப்ப?"

"அந்த வாரமே தவுக்கே கடையில குடுத்து அரிசிக் கடனக் கழிச்சிட்டாரு."

அன்றைக்குத்தான் அந்த அட்டையில் எனக்கு ஒரு குறை தெரிந்தது. உள்ளே பாட்டுகளில் ஜான் கிங் எப்போதும் சிக்கிக்கொண்டவனாகத்தான் பாடுகிறார்: வாங்குகிறவனும் அவர்தான், விலைபோகிறவனும் அவர்தான். அட்டையில் மட்டும் இரண்டு பேருக்கும் மேலே நின்றுகொண்டு, இவன் ஏமாந்துவிட்டான் என்று சொல்கிறார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், பத்துப் பதினைந்து வருஷமாக. ஏமாறாமலேயே கை கொடுக்கவேண்டியிருக்கிற ஆள் ஒருவர் அந்த மூன்று படத்துக்குள்ளும் இல்லை.

படத்தைப் போனில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாத்தா வலது கையைத்தான் மானேஜரிடம் கொடுத்திருக்கிறார். கடிகாரப் பெட்டி இடது கக்கத்தில், நழுவாமல், இறுக்கி.