புல்தரையில் ஒரு வாரம்

இங்கிலாந்துக்குப் போய் வருகிறவர்கள் லண்டன் மாநகரைப் பற்றி எழுதுவது வழக்கம். வார்விக்ஷயர் பக்கம் போனவர்கள் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டைப் பற்றி எழுதாமல் விடுவதில்லை. நான் எழுதப் போவதோ ஒரு சதுரமான புல்தரையைப் பற்றி. பள்ளிக்கூட விடுமுறையில் அந்த ஜில்லாவில் குடியிருக்கும் என் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையும் தங்கையும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்கு எதிரே ஒரு புல்தரை. அதன் ஓரத்தில் மரத்தாலான ஒரு சிறு கட்டிடம். அங்கே தினந்தோறும் நரைத்த தலைகள் கூடுவதையும் கலைவதையும் ஜன்னல் வழியாக இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் வேலியருகே போய் நின்றேன். "உள்ளே வாருங்கள்" என்றார்கள். ஒரு வார காலம் நான் அங்கேதான் இருந்தேன் என்று சொன்னால் மிகையாகாது.

அவர்கள் ஆடுவது 'லான் பௌல்ஸ்' என்னும் பந்துருட்டும் விளையாட்டு. நம் தெருப் பிள்ளைகள் கோலி ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் சாரம் எளிதில் விளங்கும். முதலில் 'ஜாக்' என்னும் சிறு பந்தை உருட்டிவிடுகிறார்கள். அது குறைந்தது 23 மீட்டராவது ஓடி நிற்க வேண்டும். பிறகு இரு கட்சியாரும் மாறி மாறிப் பெரிய பந்துகளை உருட்டுகிறார்கள். எவருடைய பந்து ஜாக்குக்கு மிக அருகில் நிற்கிறதோ அவர் கட்சிக்குப் புள்ளி. மைதானத்தைச் சுற்றிலும் ஒரு சிறு பள்ளம் உண்டு. அதில் விழுந்த பந்து செத்த பந்து. ஆனால் விழுமுன் ஜாக்கைத் தொட்டிருந்தால் அதற்கு உயிர் உண்டு. தொட்ட பந்துக்கு அடையாளமாகச் சாக்குக் கட்டியால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள்.

விஷயம் இவ்வளவுதானா என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் பெரிய பந்து சரியான உருண்டை அன்று. ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைப் போலில்லாமல் கடைந்திருக்கிறார்கள். ஆகையால் வேகம் குறையக் குறையப் பந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைந்து போகிறது. குறியை நேராகப் பார்த்து உருட்டுகிறவன் குறியை அடைவதே இல்லை. எவ்வளவு விலக்கி உருட்ட வேண்டும், எவ்வளவு வேகம் வேண்டும், இன்றைக்குப் புல் ஈரமா, காய்ச்சலா என்று கணக்குப் போடத் தெரிந்தவன்தான் வெல்லுகிறான். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். என்னுடைய முதல் பந்து பக்கத்து ஆட்டக்காரர்களின் நடுவே போய் நின்றது. அவர்கள் மிகுந்த மரியாதையுடன் அதை எடுத்துக் கொடுத்தார்கள்!

சங்கத்தின் வாரம் திங்கட்கிழமை தொடங்குகிறது. அன்று ஆட்டம் கிடையாது, புல்லுக்கு ஓய்வு. ஆனால் மனிதர்களுக்கு ஓய்வில்லை. விடியற்காலையில் ஒருவர் நீண்டு வளையும் கோல் ஒன்றைக் கொண்டு புல்லின்மேல் விசிறினாற்போல் வீசிப் பனியைத் தட்டிக்கொண்டு போனார். ஈரம் தங்கினால் புல்லுக்கு நோய் வருமாம். பிறகு இயந்திரத்தால் புல்லைக் கத்தரித்தார்கள். கால் அங்குலத்துக்கும் குறைந்த உயரம்! ஒரே திசையில் ஆடினால் தரை தேய்ந்துவிடும் என்று ஒரு நாள் வடக்குத் தெற்காகவும் மறுநாள் கிழக்கு மேற்காகவும் ஆடுகிறார்கள். இந்த வேலைகளைச் செய்கிறவர்கள் கூலியாட்கள் அல்ல. ஒருவர் முன்னாள் தபால்காரர். ஒருவர் மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர்.

'கிளப்' என்ற சொல் நம் நாட்டில் நல்ல நினைவுகளைக் கொண்டு வருவதில்லை. துரைமார்கள் மாலை வேளையில் கூடுமிடம். இந்தியன் உள்ளே போவதானால் தட்டு ஏந்திக்கொண்டுதான் போகலாம் என்றிருந்த இடங்கள் பல. அந்தத் துரைமார்களின் சொந்த நாட்டில், தபால்காரர் தலைவராகவும் தையற்காரி காரியதரிசியாகவும் இருக்கும் கிளப்பைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் உண்டாயிற்று. ஆனால் அந்த நாட்டு ஏழைகளுக்கும் இது எளிதில் கிடைத்துவிடவில்லை. சவுதாம்டன் நகரிலுள்ள பழைய பந்து மைதானத்துக்கு 1299-ஆம் ஆண்டு முதல் சரித்திரம் சொல்லுகிறார்கள். அவ்வளவு பழைய விளையாட்டை எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1541-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் மறுத்துவிட்டது. கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டும், அதுவும் எஜமானனுடைய வீட்டிலோ அவன் கண்முன்னாலோதான், அவர்கள் ஆடலாம். வருஷம் 100 பவுன் வருமானமுள்ள நிலச்சுவான்தார்களோ தங்கள் சொந்த மைதானத்தில் ஆட அனுமதி பெறலாம். வில்வித்தையை விட்டுவிட்டு ஜனங்கள் பந்துருட்டிக் கொண்டிருந்தால் யுத்தத்துக்கு யார் போவது என்பது அரசாங்கத்தின் கவலை. இந்தச் சட்டம் 1845-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. முந்நூறு வருஷம்!

சட்டம் நீங்கும் தறுவாயில் வேறொரு உதவியும் வந்து சேர்ந்தது. 1830-ல் எட்வின் பட்டிங் என்பவர் புல் வெட்டும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். அதுவரை அரிவாள் பிடித்த ஆட்களை வைத்துப் புல்லைச் சீராக்கச் செல்வந்தரால்தான் முடியும். இனி நாலு பேர் சேர்ந்து செய்துவிடலாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் விதிகளை ஒழுங்கு செய்து எழுதினார்கள். 1903-ல் இங்கிலாந்தில் தேசிய சங்கம் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்தவர், கிரிக்கெட் உலகில் தாடியோடு புகழ்பெற்ற டாக்டர் டபிள்யூ. ஜி. கிரேஸ் அவர்களேயாவார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஸ்திரீகளின் ஆட்டம். நாடு முழுவதற்குமான ஆண்கள் சங்கமும் பெண்கள் சங்கமும் வெகு காலம் தனித்தனியே இருந்து 2008-ல்தான் ஒன்றாயின. இந்தச் சங்கத்தில் அதற்கு முன்பே எல்லாரும் கலந்துதான் ஆடினார்களாம். ஆனாலும் செவ்வாய்க்கிழமையை மட்டும் பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. புதன்கிழமை மாலை புதியவர்களுக்குப் பாடம். குதிகால் இல்லாத தட்டைச் செருப்பு அணிந்தாலொழிய புல்லில் கால் வைக்க விடமாட்டார்கள். அன்று பதினேழு வயதுப் பையன் ஒருவன் வந்திருந்தான். சங்கத்துக் கிழவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு ஒரே சமயத்தில் ஐந்து விதமாகப் போதித்தார்கள். அவன் ஒன்றையும் கேளாமல் தன் போக்கில் உருட்டினான். பந்து ஜாக்கின் அருகே போய் நின்றது. ஐந்து பேரும் அது தங்கள் போதனையின் பலன் என்றே சொன்னார்கள்.

வியாழக்கிழமை அக்கம்பக்கத்து ஊர்களுடன் பந்தயம். வெளிச்சம் இரவு ஒன்பது மணி வரை இருக்கிறபடியால் வேலைக்குப் போகிறவர்களும் வந்து ஆட முடிகிறது. ஆட்டம் தொடங்குமுன் எதிரிகள் கைகுலுக்குகிறார்கள். முடிந்ததும் மறுபடி குலுக்குகிறார்கள். நடுவர் ஒருவரும் இல்லை. எந்தப் பந்து அருகில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் இரு கட்சியிலும் ஒவ்வொருவர் குனிந்து நாடாவால் அளந்து பார்த்து முடிவு சொல்லுகிறார்கள். மயிரிழை வித்தியாசத்தில் தோற்றவர் "சரி" என்று நகர்ந்துவிடுகிறார். நம் சட்டசபைகள் இந்த நாடாவில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம்!

வெள்ளிக்கிழமை இரவு நிர்வாகக் கமிட்டி. சுவரிலே ஒரு மரப்பலகை; ஆண்டுதோறும் வெற்றி பெற்றவர்களின் பெயர்கள் பொன்னெழுத்தில் எழுதியிருக்கின்றன. பலகையில் இடம் மீந்திருக்கிறது. ஆனால் எழுதுவதற்குப் பெயர்கள் கிடைக்குமா என்பதுதான் கமிட்டியின் கவலை. பழைய அங்கத்தினர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். இளைஞர்கள் வருவது குறைவு. உரத்தின் விலை, தண்ணீர்க் கட்டணம், இயந்திரத்துக்குச் செப்பனிடும் செலவு யாவும் ஏறிக்கொண்டே போகின்றன. இதே காரணங்களால் அந்நாட்டில் மூடப்பட்ட சங்கங்கள் பல. மூடிய மைதானத்தில் வீடுகள் எழும்புகின்றன. அல்லது மோட்டார் வண்டிகள் நிற்கின்றன. "புல்லை ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டால் போதும். அப்புறம் அதை மீட்க எங்கள் ஆயுள் போதாது" என்றார் பொக்கிஷதாரர். கூட்டத்தில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு சனிக்கிழமைத் தேநீருக்கு யார் கேக் கொண்டுவருவது என்ற அடுத்த விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை கொடி அரைக் கம்பத்தில் பறந்தது. நெடுங்காலம் புல்லைப் பராமரித்து வந்த ஒரு முதியவர் அந்த வாரத்தில் காலமாகியிருந்தார். பந்தயத்தை நிறுத்தவில்லை; நிறுத்தினால் அவருக்குப் பிடிக்காது என்றார்கள். வந்திருந்த ஊராரும் உள்ளூராரும் வெள்ளை உடையில் புல்தரையைச் சுற்றி ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். பிறகு ஆடினார்கள். சாயங்காலம் தேநீரும் ரொட்டியும் கேக்கும் ஆன பிறகு, அந்த முதியவரின் மனைவி ஒரு பழைய தோல் பையுடன் வந்தார். அதில் அவருடைய நான்கு பந்துகள் இருந்தன. புதன்கிழமை வந்த பையனை அழைத்து, ஒரு பந்தை அவன் கையில் வைத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பந்துகளில் பல அளவுகள் உண்டு. கைக்குப் பொருந்தாதது உதவாது. பையனுடைய கைக்கு அது பொருந்தியது. "அப்படியானால் எடுத்துக்கொள்" என்றார் அம்மையார். வேறு பேச்சில்லை. நம்மவர்களாயிருந்தால் ஓவென்று அழுதிருப்போம், அழுவதிலும் தவறில்லை. அவர்கள் பாத்திரம் கழுவப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை 'சிலந்தி' என்றொரு வேடிக்கை. மைதானத்தின் நடுவில் ஜாக்கை வைத்துவிட்டு, அங்கத்தினர்கள் நாற்புறமும் சூழ்ந்து நின்று, சைகை கிடைத்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் உருட்டுகிறார்கள். பந்துகள் ஒன்றோடொன்று மோதி நாலா திசையிலும் சிதறுகின்றன. மிக அருகில் நிற்கும் பந்துக்குப் பரிசு. வசூலான காசு சங்கத்துக்கு. அன்று நானும் ஒரு பந்து உருட்டினேன். பரிசைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

ஊர் திரும்புவதற்கு முன் லெமிங்டன் நகருக்குப் போய் வந்தேன். விக்டோரியா மகாராணி 1838-ல் 'ராயல்' என்ற பட்டத்தைக் கொடுத்த பழைய மருந்து நீரூற்று நகரம் அது. லீம் என்னும் சிறு நதியின் கரையில் விக்டோரியா பூங்கா. நாட்டின் பெரிய பந்துருட்டும் போட்டிகள் பல நடந்த புல்தரைகள் அங்கே இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் நால்வர் தங்கப் பதக்கம் வென்றதும் அங்கேதான். இந்த விளையாட்டில் அதற்கு முன் இந்தியா எந்தப் பதக்கமும் பெற்றதில்லை.

லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி என்பது அந்த நால்வரின் பெயர்கள். ஒருவர் ஜார்க்கண்டு போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவர். ஒருவர் டில்லியில் பள்ளிக்கூடத்துத் தேகப் பயிற்சி ஆசிரியை. நயன்மோனி அஸ்ஸாமியர், பளு தூக்குவதை விட்டு இதற்கு வந்தவர். லவ்லி தடகளத்திலிருந்து வந்தவர். காயம்பட்ட உடம்புக்கு இடம் கொடுத்த விளையாட்டு இது. அரையாட்டத்தில் நியூஸிலாந்தை 16-13 என்று வென்றார்கள். ஆகஸ்டு 2-ஆம் தேதி இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவை எதிர்த்து 8-2 என்று முன்னேறினார்கள். எதிர்க்கட்சி விடாமல் துரத்திப் பிடித்துச் சற்று முந்தியும் விட்டது. ஆனால் நம் பெண்கள் நிதானத்தை விடவில்லை. முடிவில் 17-10. நம் ஆண்கள் நால்வர் அதே போட்டியில் வெள்ளி வாங்கினார்கள்.

அந்தப் புல்தரையின் ஓரத்தில் நின்றபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று என்று எழுதத் தேவையில்லை. கூடவே வேறோர் எண்ணமும் உண்டாயிற்று. பதக்கம் வாங்கிய அன்று நாடே கொண்டாடியது. ஆனால் நம் ஊர்களில் அறுபது வயதுத் தாத்தாவும் பதினேழு வயதுப் பேரனும் சேர்ந்து ஆடுவதற்கு ஓர் இடம் எத்தனை உண்டு? பாட்டிமார் வாரத்தில் ஒரு நாளைத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளும் இடம் உண்டா? பந்துருட்டும் மைதானமே வேண்டுமென்று நான் சொல்லவில்லை. நம் வெயிலுக்கும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் அந்தப் புல் கட்டாது. குளக்கரையாயிருக்கலாம், வாசகசாலையாயிருக்கலாம், பூப்பந்து ஆடும் களமாயிருக்கலாம். எதுவானாலும் சர்க்கார் வந்து பெருக்கட்டும் என்று காத்திராமல், திங்கட்கிழமை காலையில் கோல் எடுத்துக்கொண்டு வர நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் ஓய்ந்து போகும்போது பையை வாங்கிக்கொள்ள ஒரு பையனும் வேண்டும்.