கோயா மலையில் ஓர் இரவு

நவம்பர் திங்கள் மரித்தோரின் நினைவுக்குரியது. நம் ஊர்களில் கல்லறைகளைத் தூய்மை செய்து, மாலை சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றி மன்றாடும் காலம் அது. அத்திங்களில் ஒரு நாள், இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தாங்கி நிற்கும் ஜப்பான் நாட்டு மலையொன்றில், பௌத்தக் கோயிலில் இரவு தங்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. ஓசாக்கா நகரில் பணிபுரியும் மகனைக் காணச் சென்ற எங்கள் இருவரையும் அவனே ஏற்பாடு செய்து அனுப்பி வைத்தான். அந்த ஓரிரவில் மனம் கசந்ததும் உண்டு; கனிந்ததும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுவதே முறை.

ஓசாக்காவின் நம்பா நிலையத்தில் மின்சார இரயில் ஏறி, மலைகளினூடே சென்று, கொக்குராக்குபாசி என்னும் நிலையத்தில் இறங்கினோம். 'பேரின்ப உலகின் பாலம்' என்பது அப்பெயரின் பொருளாம். அங்கிருந்து, பழனி மலையின் விஞ்ச் போன்ற வண்டி ஐந்து நிமிடங்களில் மேலே சேர்த்தது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், தேவதாரு மரங்கள் சூழ்ந்த சமவெளி அது. சீனத்தில் கல்வி கற்றுத் திரும்பிய கூகாய் என்னும் துறவி, 816ஆம் ஆண்டில் பேரரசரின் இசைவு பெற்று இங்கே சிங்கோன் பௌத்தத்தின் தலைமை மடத்தை நிறுவினார். இன்று 117 கோயில்கள் உள்ளன. அவற்றுள் ஐம்பது அளவிலானவை யாத்திரிகரைத் தங்க வைக்கின்றன. 1872ஆம் ஆண்டு வரை பெண்கள் இம்மலைத் தலத்துக்குள் கால் வைக்கத் தடை இருந்தது என்று மகன் சொல்லியிருந்தான். "அன்று வந்திருந்தால் என்னை வெளியே நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் போயிருப்பீர்களோ?" என்று எம் துணைவியார் கேட்டார். நல்ல வேளையாக, அக்கேள்விக்கு விடை கூறுமுன் பேருந்து வந்துவிட்டது.

கோயிலை அடைய அரைமணி நேரம் தாமதமாயிற்று. வாயிலில் நின்ற இளந்துறவி முகமலர்ச்சியின்றிக் கடிகாரத்தைச் சுட்டிக் காட்டினார். காலணி வைக்கும் இடம், உணவு வேளை, குளிக்கும் வேளை, கதவடைக்கும் வேளை என ஒழுங்குகளை அடுக்கினார். நல்வரவு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. இருவருக்கும் சேர்த்து 30,000 யென்னுக்கு மேல் முன்கூட்டியே பணம் கட்டியிருந்தோம். 'இது கோயிலா, ஓட்டலா?' என்று எங்கள் உள்ளம் முணுமுணுத்தது.

கோரைப்பாய் விரித்த அறை துப்புரவாக இருந்தது. உணவைச் சிறு பலகைகளில் வைத்துக் கொடுத்தனர். இறைச்சி, மீன் மட்டுமன்றி, வெங்காயமும் பூண்டும் கூட அதில் சேர்ப்பதில்லை. சோயாப் பாலைத் திரித்துக் கட்டியாக்கி, உறைபனியில் வைத்து உலர்த்திச் சமைத்த 'கோயா தோஃபு' இம்மலையின் பெயர் பெற்ற உணவு. கடற்பஞ்சு போல் சாற்றை உறிஞ்சி மெதுவாக இருந்தது. எள்ளும் காளானும் மலைக்கீரையும் அளவோடு இருந்தன. நம் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மீனைத் தேடி அலைவோரை நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

ஆனால் இரவு இனிதாகக் கழியவில்லை. துறவியர் இல்லத்தில் மது விற்கப்படுவதைக் கண்டு திகைத்தோம். அடுத்த அறைக்கும் எங்களுக்கும் இடையே நின்றது காகிதத் தடுப்பே. அங்கிருந்த சுற்றுலாப் பயணிகள் நள்ளிரவு வரை குடித்துச் சிரித்தனர். எண்ணெய் அடுப்பை அணைத்துவிட்டு உறங்கும்படி சொல்லியிருந்ததால் குளிர் எலும்பைத் துளைத்தது. மெத்தைக்குள் சுருண்டபடி செபமாலை சொல்லத் தொடங்கி, முடிக்காமலே கண்ணயர்ந்தோம்.

காலை ஆறரை மணிக்கு மணி ஒலித்தது. பொன்னொளி மங்கலாகத் தெரிந்த மண்டபத்தில் துறவியர் ஒரே குரலில் ஓதத் தொடங்கினர். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆயினும் இலத்தீன் பாடற்பூசையில் சிறுவயதில் நின்ற நினைவு எழுந்தது. முழங்கால் நோவால் தரையில் அமர இயலாது தவித்த எம் துணைவியாரைக் கண்ட முதிய துறவி ஒருவர், ஓதுவதை நிறுத்தாமலே எழுந்து வந்து ஒரு சிறு முக்காலியை வைத்துச் சென்றார்.

ஓதல் முடிந்ததும், விருந்தினர் ஒவ்வொருவராகச் சென்று நறுமணத் தூளைத் தணலில் இடுமாறு சைகை காட்டினர். எங்கள் நெஞ்சு படபடத்தது. பேரரசனின் சிலைமுன் ஒரு சிட்டிகைத் தூபம் இட மறுத்து உயிர் நீத்த வேதசாட்சிகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மறுத்தால் விருந்தோம்பியவரை அவமதிப்பதாகுமோ? "என்ன செய்வது?" என்றார் துணைவியார் மெல்ல. எங்கள் முறை வந்தபோது கைகூப்பித் தலைவணங்கினோம், தூபம் இடவில்லை. முதிய துறவி புரிந்துகொண்டவர் போல் தாமும் தலைவணங்கி எங்களுக்கு வழிவிட்டார். எங்கள் அச்சம் பெரிதாக இருந்தது; அவருக்கோ அதில் எவ்வித வருத்தமும் இல்லை.

அப்போது புனித சவேரியாரை நினைத்தோம். முத்துக்குளித்துறையில் நம் முன்னோர்க்கு மறையறிவித்த அவர், 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பானில் கால் வைத்தார். மொழி அறியாத நிலையில், உடனிருந்த ஜப்பானியரின் சொற்படி, இறைவனைத் 'தைநிச்சி' என்று அறிவித்தார். அதுவோ சிங்கோன் பௌத்தர் போற்றும் வைரோசன புத்தரின் பெயர்! தங்கள் நெறியையே இவரும் போதிப்பதாக எண்ணிய துறவியர் அவரை அன்போடு வரவேற்றனர். உண்மையைப் பின்னர் உணர்ந்த சவேரியார் அச்சொல்லைக் கைவிட்டு, 'தேவுசு' என்ற சொல்லை வழங்கினார். வேறுபட்டவற்றை ஒன்றெனக் காட்டுவது அன்பாகாது. அதே வேளை, பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் நமக்குக் கற்பித்துள்ளது. இவ்விரண்டையும் ஒருங்கே கடைப்பிடிப்பது எளிதன்று என்பதை அந்த மண்டபத்தில் அறிந்தோம்.

விடைபெற்றுத் தெருவில் நடந்தபோது பின்னால் ஓடிவரும் காலடி ஓசை கேட்டது. நேற்றுக் கடுகடுத்த அதே இளந்துறவி! மெத்தையில் நாங்கள் மறந்துவிட்ட செபமாலையை வெள்ளைத்தாளில் மடித்து, இரு கைகளாலும் ஏந்தி நீட்டினார். தம் மணிக்கட்டில் இருந்த மணிமாலையைக் காட்டிப் புன்னகைத்தார். விடியுமுன் எழுந்து உணவு சமைத்தவரும், மெத்தை விரித்தவரும், எங்கள் தாமதத்தால் காத்திருந்தவரும் அவரே என்பது அப்போதுதான் உறைத்தது. நாணினோம்.

அங்கிருந்து ஒக்குனோயின் என்னும் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றோம். வானளாவிய மரங்களிடையே இரண்டு கிலோமீட்டர் நீளும் பாதையின் இருபுறமும் பாசி படர்ந்த கல்லறைகள். குறுநில மன்னரும் பொதுமக்களும் அருகருகே துயில்கின்றனர். கொன்ற கறையான்களுக்காகக் கூட, அவற்றை ஒழிக்கும் தொழிலினர் ஒரு நினைவுக்கல் எழுப்பியுள்ளனர்! பாதையின் முடிவில் கூகாயின் சமாதி. 835ஆம் ஆண்டு முதல் அவர் தியானத்தில் அமர்ந்திருப்பதாக நம்பி, நாள்தோறும் இருவேளை உணவு கொண்டு செல்கின்றனர்.

அத்தோட்டத்திலேயே ஒரு வியப்பு காத்திருந்தது. தாமரை மீது சிலுவை பொறித்த நெடுங்கல்! சீனத்தில் 781ஆம் ஆண்டு கிழக்குச் சிரியக் கிறிஸ்தவர் நாட்டிய கல்வெட்டின் மறுபடிவம் அது. எலிசபெத் அன்னா கார்டன் என்னும் அம்மையார் 1911ஆம் ஆண்டில் இங்கே நிறுவினார். மூலக் கல்வெட்டின் வாசகத்தை இயற்றிய ஆதாம் என்னும் குருவோடு சேர்ந்து, பிரக்ஞர் என்னும் இந்தியத் துறவி பௌத்த நூலொன்றை மொழிபெயர்த்தார். அந்தப் பிரக்ஞரிடமே கூகாய் சீனத்தில் வடமொழி பயின்றார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இரு சமயத்தாரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர்.

அக்கல்லின் அருகே நின்று, இரவு முடிக்காமல் விட்ட செபமாலையை மரித்தோர் அனைவருக்காகவும் சொல்லி முடித்தோம்.

விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்குமாறு புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியரைப் பணித்தார். வேளாங்கண்ணிக்கும் நம் பங்குக் கோயில்களுக்கும் பிற சமயத்தார் எத்தனையோ பேர் வருகின்றனர். முழங்கால் நோகும் முதியவருக்கு முக்காலி தருகிறோமா? அவர் மறந்துவிட்டுச் சென்ற பொருளை இரு கைகளிலும் ஏந்தி ஓடுகிறோமா? கோயா மலையின் மீது நாங்கள் கொண்டு சென்ற குறைகளை இக்கேள்விகளோடு ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்தோம்.