செப்புக் காசில் ஓடிய கழுதை

அமெரிக்க ஜனநாயகக் கட்சிக்குக் கழுதைச் சின்னம் எப்படி வந்தது? பொது அறிவுப் புத்தகங்கள் தயங்காமல் தாமஸ் நாஸ்ட்டைக் கைகாட்டும். 1870 ஜனவரி 15 அன்று 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் வெளிவந்த அவருடைய கேலிச்சித்திரத்தில் ஒரு கழுதை செத்த சிங்கத்தை உதைக்கும். அந்தப் பதிலை நான் நம்ப மறுத்ததற்குக் காரணம், நாஸ்ட் பிறப்பதற்கு முன்பே அச்சடிக்கப்பட்ட ஒரு செப்புக் காசு.

நம் பத்து ரூபாய் நாணயத்தைவிட ஒரு மில்லிமீட்டர் பெரியதாக இருக்கும் அது. ஒரு பக்கம், முதுகில் பணப்பெட்டகத்தைச் சுமந்து ஊரும் ஆமை. அதோடு 1837 என்ற ஆண்டு. திருப்பினால், நாலுகால் பாய்ச்சலில் ஒரு கழுதை. அதைச் சுற்றி, 'புகழ்பெற்ற என் முன்னவரின் அடியொற்றி நடக்கிறேன்' என்று பொறித்திருக்கிறது.

முன்னவர் ஆண்ட்ரூ ஜாக்சன். அடியொற்றியவர் மார்ட்டின் வான் பியூரன். 1837 மார்ச்சில் ஜனநாயகக் கட்சி அதிபராகப் பதவியேற்றவர். இரண்டே மாதத்தில், மே 10 அன்று, நியூயார்க் வங்கிகள் தாள் பணத்துக்கு ஈடாகத் தங்கமும் வெள்ளியும் தருவதை நிறுத்திவிட்டன. கையில் காசு வைத்திருந்தவர்கள் பதுக்கினார்கள். கடைகளில் சில்லறைக்குத் திண்டாட்டம். அரசுப் பணத்தை வங்கிகளில் போடாமல் அரசே தன் கருவூலங்களில் வைத்துக்கொள்ளலாம் என்பது வான் பியூரனின் திட்டம். ஆமை முதுகில் இருக்கும் பெட்டகம் அதைத்தான் கிண்டல் செய்கிறது.

சில்லறைத் தட்டுப்பாட்டைத் தனியார் உலோகப் பட்டறைகள் விடவில்லை. கனெக்டிகட்டின் வாட்டர்பரி, மாசசூசெட்ஸின் ஆட்டில்பரோ போன்ற ஊர்களில் ஒரு சென்ட் அளவிலேயே டோக்கன்களை அடித்துத் தள்ளினார்கள். கள்ளநாணய வழக்கு வராமலிருக்க ஒரு தந்திரமும் செய்தார்கள். சில டோக்கன்களில், 'பாதுகாப்புக்குக் கோடி கொடுப்போம், கப்பமாக ஒரு சென்ட்கூடத் தரமாட்டோம்' என்ற பழைய முழக்கம் இருக்கும். 'ஒரு சென்ட்கூட' என்கிற பகுதி மட்டும் நிஜக் காசில் மதிப்பு எழுதும் இடத்தில் பெரிதாக உட்கார்ந்திருக்கும். பார்த்தால் சென்ட், படித்தால் சென்ட் இல்லை! சேகரிப்பாளர்கள் இவற்றைக் 'கஷ்டகால டோக்கன்கள்' என்கிறார்கள்.

ஆனால் கழுதை 1837இல் பிறந்ததல்ல. பட்டியல்களைப் பின்னோக்கிப் புரட்டினால் ஜாக்சன் காலத்து டோக்கன்களிலேயே அது நிற்கிறது. ஒரு டோக்கனில் ஜாக்சன் பணப்பெட்டிக்குள்ளிருந்து எழுகிறார்; ஒரு கையில் வாள், மறு கையில் பணப்பை, கூடவே 'பொறுப்பை நானே ஏற்கிறேன்' என்ற வாசகம். அமெரிக்க வங்கியிலிருந்து அரசு வைப்புத்தொகையை அவர் தன்னிச்சையாக மாற்றியதைக் குத்தும் கேலி அது. மறுபக்கத்தில் கழுதை. அதன் உடம்பில் 'எல்.எல்.டி.' என்று மூன்றே எழுத்து.

கழுதைக்கு எதற்குச் சட்டத்தில் டாக்டர் பட்டம்? 1833இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஜாக்சனுக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. அதே பல்கலைக்கழகத்தில் படித்த முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் கொதித்துப்போனார். அந்தச் சர்ச்சையை டோக்கன் செய்தவர் மூன்று எழுத்தில் முடித்துவிட்டார். 1832 ஜூலையில் அமெரிக்க வங்கி தொடர்பான மசோதாவை ஜாக்சன் நிராகரித்ததை நினைவூட்ட 'வீட்டோ' என்ற சொல்லையும் சேர்த்தார். இவ்வளவு அரசியலை இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் அடக்கிய அந்தப் பெயர் தெரியாத செதுக்குக்காரர்தான், என்னைக் கேட்டால், நாஸ்ட்டைவிடக் கெட்டிக்காரர்.

1828 தேர்தலில் எதிரிகள் தன்னைக் கழுதை என்று திட்ட, ஜாக்சன் அதையே விளம்பரத்தில் போட்டுக்கொண்டார் என்றொரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. கதை சுவையானதுதான், ஆனால் கையில் எடுத்துக் காட்டக்கூடியவை டோக்கன்களே. 1837இல் வந்த ஒரு கல்லச்சுச் சித்திரமும் துணைக்கு உண்டு: ஜாக்சன் கழுதைமேல் வருகிறார், பின்னால் வான் பியூரன் நடந்து வருகிறார்.

வசையை மார்பில் குத்திக்கொண்டு திரிந்த கதை உண்மையில் எதிரணியான விக் கட்சியுடையது. அக்கட்சி வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் ஒரு மரக்குடிசையும் போதும் என்று பால்டிமோர் பத்திரிகை ஒன்று நக்கலடித்தது. 1840 தேர்தலில் விக் கட்சியினர் அந்தக் குடிசையையே பதக்கத்தில் அடித்து, துளையிட்டு, நாடாவில் கோத்து மாட்டிக்கொண்டார்கள். வென்றும் விட்டார்கள்.

நாஸ்ட்டின் கழுதைக்கு வருவோம். அது முழுக் கட்சியையும்கூடக் குறிக்கவில்லை; உள்நாட்டுப் போரை எதிர்த்த வடபகுதி ஜனநாயகக் கட்சிப் பத்திரிகைகளைத்தான் குறித்தது. செத்த சிங்கம், மூன்று வாரத்துக்கு முன் இறந்த முன்னாள் போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டன். கழுதையைப் பரப்பிய பெருமை நாஸ்ட்டுக்குப் போகட்டும். பெற்ற பெருமையைக் கோர அவருக்கு உரிமையில்லை.

இந்த டோக்கன்களை நியூயார்க் நாணய வணிகர் லைமன் லோ 19ஆம் நூற்றாண்டிலேயே பட்டியலிட்டுவிட்டார். ஆமை–கழுதைக் காசு இன்றும் அபூர்வமல்ல. தேய்ந்த பிரதி சில பத்து டாலருக்கே கிடைக்கும். வாங்க நினைப்பவர்கள் பளபளப்பில் மயங்க வேண்டாம். போலி நாணயங்களிலும் டோக்கன்களிலும் 'நகல்' என்று பொறிக்க வேண்டும் என 1973ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. அந்தச் சொல்லைச் சுரண்டி அழித்த தடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.