ஐந்து மைலுக்குள் ஒரு வீடு

கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கட்டடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் திருவனந்தபுரத்தோடு திரும்பிவிடுவார்கள். எனக்கு அங்கிருந்து கிழக்கே, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நெல்லைச் சீமையின் திசையன்விளை வரை போக வேண்டியிருந்தது. அங்கே பேக்கர் கட்டிய எதையும் தேடிப் போகவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஒரு கேள்வியைத் தேரி மண்ணில் நின்று கேட்டுப் பார்க்கும் ஆசைதான்.

பேக்கர் 1917இல் பர்மிங்காமில் பிறந்தவர். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சீனாவில் மருத்துவத் தொண்டு செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். நல்ல வீட்டுக்கு வேண்டிய பொருள் எல்லாம் ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைப் பேக்கரே பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1948இல் டாக்டர் எலிசபெத்தை மணந்து, இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பதினாறு ஆண்டுகள் இருந்தார். உள்ளூர்க்காரர்கள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதை அங்கேதான் படித்துக்கொண்டார். பிறகு கேரளம் வந்து, திருவனந்தபுரத்தில் நிலைகொண்டார்.

தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய இந்தியன் காபி ஹவுஸ் எல்லோருக்கும் தெரிந்தது. உருளைக் கோபுரம், தரையே சுழன்று மேலேறும், அந்தச் சரிவோடு மேசையும் பெஞ்சும் ஏறிக்கொண்டே போகும். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்னும் பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம். பொருளியல் அறிஞர் கே.என்.ராஜ் அந்த நிறுவனத்தைத் தொடங்கியபோது, முதல்வர் அச்சுத மேனனின் ஆதரவோடு 1971இல் பேக்கர் கட்டத் தொடங்கிய வளாகம் அது. நூலகக் கோபுரம் முதல் வகுப்பறை வரை பூச்சில்லாத செங்கல். சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை ஓட்டையாக விட்ட செங்கல் ஜாலி. அதன் வழியே காற்றும் வெளிச்சமும் வரும், வெயில் வராது.

சிக்கனத்துக்கு அவரிடம் கணக்கு இருந்தது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கும் 'எலிப்பொறிக் கட்டு'. கால்வாசிச் செங்கல் மிச்சம். அடைபட்ட காற்று சூட்டையும் தடுக்கும். கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே இருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. ஆகவே அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைச் செருகிவிடுவார். இடித்த வீடுகளின் கதவுகளை வாங்கிப் பொருத்துவார். பழைய தாளின் பின்பக்கத்தில் படம் போடுவார். படத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடாமல், கொத்தனார்களோடு தளத்திலேயே நிற்பார். 1985இல் அச்சுத மேனன், ராஜ், சந்திரதத் ஆகியோரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'காஸ்ட்ஃபோர்டு' அமைப்பு, 2007இல் அவர் மறைந்த பிறகும் இந்த வழியில் கட்டிக்கொண்டும் கட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டும் இருக்கிறது.

நாகர்கோவிலைத் தாண்டியதும் பச்சை குறைகிறது. முப்பந்தல் காற்றாலைகள் வரும்போது மண் வெளுத்துவிடுகிறது. வள்ளியூரில் இறங்கி ராதாபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் இரண்டு பக்கமும் பனையும் முருங்கைத் தோட்டமும்தான். திசையன்விளையை நெருங்க நெருங்க மண் சிவக்கிறது. மணல் துகள்மேல் இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த தேரிமேடுகள் இங்கிருந்து சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கம் வரை கிடக்கின்றன. தாமிரபரணியின் வண்டல் இந்தப் பக்கம் கிடையாது. அதன் வெள்ள நீரைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாக இங்கே கொண்டுவர 2009இல் தொடங்கிய கால்வாய்த் திட்டம் முடியும் இடம், திசையன்விளைப் பக்கத்து எம்.எல்.தேரி.

வீட்டுக்கு வேண்டியதில் எது ஐந்து மைலுக்குள் கிடைக்கும் என்ற பேக்கரின் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. வண்டல் இல்லாத ஊரில் செங்கல் ஏது? சூளைச் செங்கல் லாரியில் வந்து இறங்குகிறது. பேக்கர் கட்டடத்தைப் பார்த்து மயங்கி, அதே செங்கல் ஜாலியை இங்கே நகலெடுத்தால் அவர் பாணி கிடைக்கும், அவர் கொள்கை கிடைக்காது. ஐந்து மைலுக்குள் இங்கே வேறு சரக்கு இருக்கிறது.

முதலாவது, சுண்ணாம்பு. பக்கத்து ஆயன்குளத்துக் கிணறு 2021 மழையில் பேர் வாங்கியது. குளத்து உபரி நீரை நாள்கணக்காகத் திருப்பிவிட்டும் கிணறு நிரம்பவில்லை. சென்னை ஐஐடியிலிருந்து வந்து ஆராய்ந்தவர்கள், அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையின் குகைகள் வழியே தண்ணீர் பரவுவதைச் சொன்னார்கள். இதே நெல்லைச் சீமைச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1949இல் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை எழுந்தது. கல் ஒன்றுதான், சூடு வேறு. காளவாசலில் சுண்ணாம்பு வேக 900 டிகிரி போதும்; சிமெண்டுக்கு 1,450 வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு இறுகும்போது, வெந்தபோது விட்ட கரியமில வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப இழுத்துக்கொள்ளவும் செய்யும்.

இரண்டாவது, பனை. முற்றிய பனையின் வைரத்தில் அறுத்த கை என்னும் கூரைச் சட்டம், கரையானுக்கும் கடல்காற்றுக்கும் அசராது. பழைய வீடுகளில் தார்சா, பட்டாசல் என்னும் கூடங்களில் அண்ணாந்து பார்த்தால் கறுத்து மினுங்கும் பனங்கைகள் தெரியும். மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துத் தட்டிய மட்டப்பா. சாந்துக்குக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பார்கள். கருப்பட்டிக்கு இந்த ஊர் எங்கும் போக வேண்டியதில்லை.

பஜாரில் ஒரு டீக்கடையில் வயதான கொத்தனார் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, இப்ப யாராவது சுண்ணாம்புல கட்டச் சொல்லுதாவளா?"

"யாரு சொல்லுவா? எங்க அப்பா அரைச்சிருக்காவ. நான் சின்னப் பிள்ளையில சாந்து சுமந்திருக்கேன். இப்ப உள்ள பயலுவளுக்குச் சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கத்தான் தெரியும்."

"கான்கிரீட்ல வெக்கை தாங்க முடியுதா?"

"வெக்கை கெடக்கட்டும். ஓலைப்பொரையில கெடந்து வந்தவம்லா நாங்க. காரை வீடு கட்டுனாத்தான் நாலு பேரு மதிப்பான். ஒங்களுக்கு அது வெளங்காது."

விளங்கியது. பனையேறிகளின் பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் மளிகைக்கடை வைத்து, கண்விழித்துச் சம்பாதித்து ஊரில் எழுப்பிய வீடுகள் இவை. ஓலையும் பனங்கையும் அவர்களுக்கு அழகுப் பொருள் அல்ல. வறுமையும் சாதி இழிவும் சேர்ந்து கிடந்த கூரை. அந்தக் கூரையைத் திரும்பப் போடச் சொல்ல, ஏசி அறையிலிருந்து வருகிற யாருக்கும் உரிமை கிடையாது. சூழலுக்கு இசைந்த கட்டடக்கலையைப் பேசுகிறவர்கள் வெப்பநிலையை அளக்கிறார்கள். மானத்தை அளப்பதில்லை.

இந்த இடத்தில்தான் திருவனந்தபுரத்தில் பார்த்தது எனக்குப் பொருள்பட்டது. பேக்கர் மீனவர்களுக்கும் கட்டினார், அறிஞர்கள் உட்காரும் நிறுவனத்துக்கும் கட்டினார். இரண்டிலும் ஒரே சிக்கனம்தான். பூசாத செங்கல் ஏழையின் அடையாளம் என்கிற நினைப்பு உடைந்தது மேலே இருந்தவர்கள் அதற்குள் போய் உட்கார்ந்த பிறகுதான். முதல்வரும் பொருளியல் பேராசிரியரும் அவர் பக்கம் நின்றது அதனால்தான் பெரிய விஷயம்.

திசையன்விளையை ஒட்டி இடையன்குடி இருக்கிறது. 1841இல் அங்கே வந்த மிஷனரி கால்டுவெல் 1847இல் தொடங்கி 1880இல் முடித்த தூய திரித்துவ ஆலயம் கோதிக் பாணி. பாணி இறக்குமதிதான், ஆனால் நம் ஊருக்குச் சிமெண்ட் வராத காலம், உள்ளூர்க் கைகள், முப்பத்துமூன்று வருஷம். அந்தச் சுவரை நிமிர்ந்து பார்க்கிற யாரும் சுண்ணாம்பை எளிய சரக்கு என்று நினைக்க மாட்டார்கள்.

ஐந்து மைல் என்பது அள்ளிக்கொள்ளும் உரிமை அல்ல. தேரி மணல் காப்பாற்ற வேண்டிய நிலம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது சரியே. ஒரு மரம் வைரம் பாயப் பல பத்தாண்டு ஆகும். ஆகவே இடியும் வீடுகளின் பனங்கைகளைப் பேக்கர் கதவு பொறுக்கியதுபோலப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். வெட்டும் ஒன்றுக்குப் பல விதை ஊன்ற வேண்டும்.

வீட்டுக்காரரிடம் இதைத் தொடங்கச் சொல்லக் கூடாது. தாலுகாவின் தலைமையிடமாகிவிட்ட இந்த ஊரில் அடுத்து எழும் பள்ளிக்கூடமோ நூலகமோ அதிகாரி உட்காரும் அலுவலகமோ சுண்ணாம்புச் சுவரும் பனங்கை மட்டப்பாவுமாக எழட்டும். அந்த வேலைத்தளமே இளம் கொத்தனார்களுக்குப் பட்டறையாகட்டும். கல் அடியிலேயே இருக்கிறது, அது காத்திருக்கும். சாந்தின் பதம் தெரிந்த கடைசி ஆட்களுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.