நானும் போட்ட ஒப்பு

முட்டுவலி இப்போது தேவலை, விசாரித்தவர்களுக்கு நன்றி. இன்றைக்கு எழுதப்போவது நான் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றி. நம்ம ஊர் வழக்கில் சொன்னால் ஒப்பு.

எங்கள் முடுக்கில் நாலாவது வீட்டில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் இருக்கிறாள். பெயர் வேண்டாம். கொத்தனார் வேலை பார்த்த வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு, அவள்தான் குடும்பத்தைத் தாங்குகிறாள். வீட்டிலேயே முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் போட்டு நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளுக்குக் கொடுக்கிறாள். வெளியூர் மருமக்களுக்காகச் சொல்கிறேன்: சிறுபயறை வறுத்துப் பொடித்து, தேங்காயும் பாகும் சேர்த்து உருட்டி, மஞ்சள் கலந்த அரிசி மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிப் பொரிப்பது முந்திரிக்கொத்து. முந்திரி பேரில் மட்டும்தான்.

முதலில் கல்யாண ஆர்டர் மட்டும் எடுத்தாள். வியாபாரம் கூடியதும் உதவிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். அதிகாலை நாலு மணிக்கே மாவு மெஷின் ஓடும். எண்ணெய்ப் புகை எதிர்வீட்டு ஜன்னலுக்குள் போகும். அங்கே இழுப்பு நோயுள்ள பெரியவர் ஒருவர் படுத்திருக்கிறார். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடையில் திரண்டு நிற்கும். பக்கத்து வீட்டார் பேரூராட்சிக்கு மனு எழுதினார்கள். ஒன்பது ஒப்பில் ஏழாவது என்னுடையது. மனுவில் எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்ததும் நான்தான். 'குடியிருப்புப் பகுதியில் உரிமமின்றி இயங்கும் தொழிற்சாலை' என்று இருந்தது. ஒற்று விட்ட இடமெல்லாம் பார்த்துப் போட்டேன். தொழிற்சாலை என்ற சொல் எனக்குப் பிழையாகப் படவில்லை.

ஏழு நாளில் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அன்று சாயங்காலம் அவள் என் நடையில் வந்து நின்றாள். "டீச்சர், புகை வருதுண்ணு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?" அவ்வளவுதான் கேட்டாள். போய்விட்டாள்.

படிப்புரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எட்டு வருடம் அதே படிப்புரையில் டியூஷன் எடுத்தவள் நான். மாதம் பிறந்தால் பணமும் வாங்கினேன். இருபது சைக்கிள் முடுக்கை அடைத்து நிற்கும். வாய்ப்பாட்டுச் சத்தம் கோயில் வரைக்கும் கேட்கும். யாரும் மனு கொடுக்கவில்லை, அந்தப் பெரியவர் உட்பட.

மறுநாள் என் ஒப்பைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அவளோடு ஒவ்வொரு அலுவலகமாக நடந்தேன். உணவுப் பாதுகாப்புப் பதிவுதான் சுலபம். ஆண்டு விற்பனை குறிப்பிட்ட வரம்புக்குள் என்றால் சிறு கட்டணம் கட்டிப் பதிவு செய்தால் போதும். அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும். தொழில் உரிமம் அப்படியில்லை. கிராம ஊராட்சிகளுக்கு 2025 ஜூலையில் தொழில் உரிம விதிகள் வந்தன. டீக்கடைக்கும் தையல் கடைக்குமா என்று எதிர்ப்பு எழுந்ததும் அரசு அதை நிறுத்தி வைத்தது, படித்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கிராம ஊராட்சி. இந்தப் பக்கம் பேரூராட்சி என்பதால் அந்த நிறுத்தி வைப்பு எங்களுக்கு இல்லை. அவளுக்குக் கொடுத்த படிவத்தில் எத்தனை சதுர அடி, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்று கேட்டிருந்தது. எத்தனை மணிக்கு மெஷின் ஓடும், புகை எந்தப் பக்கம் போகும் என்று கேட்க அதில் ஒரு கட்டமும் இல்லை.

மின்சாரம் அதைவிடச் சிக்கல். வீட்டு இணைப்பில் தொழில் செய்தால் இலவச யூனிட் போய்விடுமோ என்பது அவள் பயம். வாரியத்தில் இருக்கும் என் மாணவன் ஒருவன் போனில் விளக்கினான். வக்கீலோ டாக்டரோ வீட்டோடு சேர்த்து 200 சதுர அடிக்குள் ஆலோசனை அறை வைத்தால் வீட்டுக் கட்டணம்தானாம். வீட்டில் நெசவாளர் கைத்தறி போட்டாலும் அப்படியே. அடுக்களையில் பலகாரம் பொரிக்கிறவளுக்கு அந்தச் சலுகை இல்லை. தனி இணைப்பு வேண்டும். குடிசைத் தொழிலுக்கு உள்ள கட்டணத்தில் கேளுங்கள், கடைக் கட்டணத்தைவிட அது குறைவு என்றான்.

ஆனால் பெரியவருடைய மூச்சுத்திணறலும் பொய்யில்லையே. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், "அண்ணாச்சி, நான் ஒப்பை எடுத்துட்டேன்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் அவர் மருமகள்தான் பேசினாள். ஆறு மணிக்கு முன்னால் மெஷின் ஓடக்கூடாது, புகைக்குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும், ஓடைக்கு முன்னால் எண்ணெய் தங்க ஒரு தொட்டி கட்ட வேண்டும். இவள் மூன்றுக்கும் சரி என்றாள். குழாய் போட்டாயிற்று. தொட்டிக்குச் செங்கல் இறங்கிக் கிடக்கிறது. இரண்டு வீட்டார் என்னிடம் இன்னும் பேசுவதில்லை.

செவ்வாய்க்கிழமை விளக்கக் கடிதத்தோடு மறுபடியும் பேரூராட்சிக்குப் போகிறோம். உள்ளாட்சி அலுவலகங்களில் வேலை பார்க்கும் என் மக்கள் யாராவது இதைப் படித்தால், கடிதத்தோடு என்னென்ன இணைக்க வேண்டும் என்று கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை.